பீடமும் முற்றமும்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்குப் பிற சமயத்தார் அயலார் அல்லர். ஆண்டுதோறும் டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் பௌர்ணமி ஈறாக நல்லதண்ணி வழியே மலையேறும் அடியார் கூட்டத்தை நாம் பிறந்த நாள் முதல் கண்டு வருகின்றோம். 7,359 அடி உயரமுடைய அம்மலையின் உச்சியிலுள்ள திருவடிச் சுவட்டினைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தபகவானுடையது என்பர். இஸ்லாமியர் ஆதம் நபியுடையது என்பர். கிறிஸ்தவருட் சிலர் புனித தோமையாருடையது என்பர். பெயர் நான்கு, ஏறும் படி ஒன்று. நடுச்சாமத்துக் குளிரில் நடுங்கி நிற்பவனுக்குத் தேநீர் நீட்டும் கை, அவன் எச்சமயத்தான் என்று வினவுவதில்லை.

இத்தகைய மண்ணில் வாழ்ந்தும், சென்ற மார்கழியில் எம் சங்கத்து இளைஞரிடையே ஒரு மனத்தாங்கல் எழுந்தது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணம். அயலிலுள்ள கத்தோலிக்க தேவாலயமொன்றின் அன்பர்கள் சிலர், நத்தார்க் கால ஒன்றுகூடலில் எமது பஜனைக் குழுவும் வந்து பாடவேண்டும் என்று அழைத்தனர். பிள்ளைகள் மகிழ்ந்தனர், மலைக்குப் போய் வந்த களைப்பையும் பாராது இரவிரவாகப் பாடிப் பழகினர். விழாவுக்கு இரு நாள் இருக்கையில், நிகழ்ச்சி தேவாலயத்தினுள் நடவாது, பக்கத்து மண்டபத்திலேயே நடைபெறும் என்று செய்தி வந்தது. இதுபற்றி அவர்களுள்ளேயே இருவேறு கருத்து எழுந்ததாம். "விருந்துக்கு அழைத்துவிட்டுத் திண்ணையில் இலை போடுவதா?" என்று நம் இளைஞர் சிலர் கொதித்தனர். "அழைத்தபோதே போகாதிருந்திருக்க வேண்டும்" என்றனர் பெரியவர் சிலர். பஜனை மண்டபத்தில் இனிதே நடந்தேறியது. மனக்கசப்பு மட்டும் வீட்டுக்கு வந்தது.

திண்ணையில் இலை போடப்பட்ட அனுபவம் நம் பாட்டன்மாருக்கு உண்டு. ஆகையால் இளைஞரின் கோபத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும், உண்மையில் நடந்தது அதுதானா? விடை காணுமுன் இவ்வழக்கின் வரலாற்றைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். இது நம் தோட்டத்தில் நேற்றுப் பிறந்த வழக்கன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கர் தமக்குள்ளே வாதாடி வரும் வழக்கு; தமிழ்நாட்டு மண்ணிலேயே வேரூன்றியது.

தடை முதலிற் பிறந்த திசை

1606ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டவரான இயேசுசபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். காவியுடுத்து, மரக்கறியுணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்னும் பெயரோடு வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் முதலியவை இந்நாட்டு மக்களின் வாழ்க்கை வழக்கங்களே என்றும், கிறிஸ்தவராவோர் அவற்றைக் கைவிட வேண்டுவதில்லை என்றும் வாதிட்டார். அவருடைய சபையைச் சேர்ந்த குருமாரே சிலர் அதனை எதிர்த்தனர். வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் சில நிபந்தனைகளோடு அவ்வழக்கங்களுக்கு இசைவு தந்தார்.

எண்பது ஆண்டுகளின் பின்னர் காற்றுத் திசை மாறிற்று. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பார் 1704இல் வெளியிட்ட கட்டளையில் பல உள்நாட்டு வழக்கங்கள் விலக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கிறிஸ்தவரான இசைக்காரர் இந்துக் கோயில் விழாக்களிற் சென்று வாசிக்கலாகாது என்பதே அது. ஆகவே, சமயங்களுக்கிடையே கலை போய்வரும் வாயிலில் இட்ட இந்தப் பழைய தாழ், நம்மவர் அவர்கள் கோயிலுக்குட் செல்வதைத் தடுத்த தாழ் அன்று. அவர்கள் நம் கோயிலுக்கு வருவதைத் தடுத்த தாழ். மேளமும் குழலும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பமொன்று ஞானஸ்நானம் பெற்றிருக்குமாயின், அக்கட்டளை அக்குடும்பத்தின் அடுப்பையே தொட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

அதே கட்டளையில் நாம் தலைவணங்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைக்குள் நுழையாமல் நோயாளியை வெளியே கொண்டுவரச் சொல்லும் வழக்கம் கூடாது. குருவானவர் அவர்தம் இல்லத்துக்கே சென்று அருட்கடன்களை ஆற்ற வேண்டும் என்றும் அது விதித்தது. ஒரே ஏட்டில் ஒரு கதவு அடைக்கப்பட்டது. மற்றொரு கதவு திறக்கப்பட்டது. வரலாறு பெரும்பாலும் இவ்வாறே கலப்பாக வருகின்றது.

இயேசுசபையார் அக்கட்டளையை எதிர்த்து நெடுநாள் வழக்காடினர். 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்புக் கூறி வாதத்தை முடித்தார். அதன்பின் இந்நாட்டுக்கு வரும் மறைபரப்புநர் இச்சட்டங்களைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அச்சத்தியம் 1940இலேதான் நீக்கப்பட்டது.

கதவு திறந்த காலம்

1962 முதல் 1965 வரை உரோமாபுரியில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்க உலகில் பெருமாற்றத்தை விளைவித்தது. 1963இல் வெளிவந்த வழிபாடு பற்றிய சாசனம், பல நாட்டு மக்களின் மரபுகளை வழிபாட்டில் ஏற்க இடந்தந்தது. 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளிவந்த பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை எனக் கூறிற்று.

அதனை அடுத்து 1969இல் இந்தியத் திருச்சபைக்குப் பன்னிரண்டு தழுவல்கள் உரோமாபுரியால் அனுமதிக்கப்பட்டன. தரையில் அமர்தல், கைகூப்பி வணங்கல், குத்துவிளக்கு ஏற்றல், ஆரத்தி எடுத்தல் போன்றவை அவற்றுள் அடங்கும். அம்முயற்சிக்குத் தலைநின்றவர் தமிழரான குரு அமலோர்பவதாஸ் அடிகள். கத்தோலிக்க மக்களுள்ளேயே பெரும் எதிர்ப்பு எழுந்தது. "எம் பாட்டனார் விட்டு வந்ததை எம் பீடத்துக்கே கொண்டு வருகின்றீர்களா?" என்பது எதிர்த்தோர் உள்ளத்திலிருந்த கேள்வி. அக்கேள்வியை வெறும் பிடிவாதம் என்று நாம் தள்ளிவிடலாகாது. ஒரு மதத்தை விட்டு மற்றொன்றைத் தேர்ந்த குடும்பத்துக்கு அத்தேர்வே மானத்தின் அடையாளமாக அமைந்துவிடுவதும் உண்டு.

நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை இரு விதிகள் முக்கியமானவை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 1210ஆம் விதியில், புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் சமயத்துக்கும் உதவுவன மட்டுமே நடைபெறலாம் என்கின்றது. அவ்விடத்தின் தூய்மைக்கு மாறாகாத வேறு பயன்பாட்டுக்கு மேற்றிராணியார் போன்ற மேலதிகாரி தனித்தனியே அனுமதி அளிக்கலாம் என்றும் அதுவே கூறுகின்றது. 1987 நவம்பர் 5ஆம் நாள் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம், தேவாலயங்களில் நடக்கும் இசைக் கச்சேரிகள் பற்றி ஒரு மடல் விடுத்தது. முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. இசைப்போர் பீடமுள்ள பகுதியில் நிற்றலாகாது. கூடுமானவரை நற்கருணையைப் பக்கச் சிற்றாலயத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என அது ஒழுங்கு செய்தது.

அம்மடல் பிற சமயத்தாரை மனத்திற் கொண்டு எழுந்ததன்று என்பதை நம் இளைஞர் கருத்திற் கொள்க. மேனாட்டு இசைக் கச்சேரிகள் தேவாலயங்களில் பெருகியதே அதற்குக் காரணம். எத்துணை உயர்ந்த இசையாயினும், சமய உணர்வினின்று பிறவாததாயின் அதற்குத் தேவாலயம் இடமன்று என்று அது கூறிற்று. ஆகவே வெளியே நிறுத்தப்பட்டவர் நாம் மட்டும் அல்லர். ஐரோப்பியரின் சொந்த இசைமேதைகள் இயற்றிய உலகியற் படைப்புகளும் அதே திண்ணையிலேதான் அமர்ந்திருக்கின்றன.

மூன்று ஊர்களின் கதை

இவ்விதிகளைச் செயலிற் கொள்ளும்போது எழும் வேற்றுமையை மூன்று ஊர்களின் கதையால் அறியலாம்.

முதலாவது, இத்தாலியிலுள்ள அசிசி நகர். 1986 அக்டோபர் 27ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உலகச் சமயத் தலைவர்களை அங்கு அழைத்து, உலக சமாதானத்துக்காக வேண்டச் செய்தார். ஒரே வேண்டுதலை எல்லோரும் சொல்வதன்று, வேண்டுவதற்காக ஒன்றுகூடுவதே நோக்கம் என்று விளக்கம் தரப்பட்டது. ஒவ்வொரு சமயத்தாருக்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. தேவாலயங்கள் சிலவும் அவற்றுள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பீடத்தில் புத்தர் திருவுருவம் வைக்கப்பட்டது என்ற செய்தி பரவியதும் கண்டனம் எழுந்தது. பிரெஞ்சு மேற்றிராணியாரான லெபேவர், உரோமாபுரியோடு தமக்கிருந்த பிணக்குக்கு அசிசியையும் ஒரு காரணமாகக் காட்டினார். 1988இல் அவர் அனுமதியின்றி நான்கு மேற்றிராணிமாரை அபிஷேகம் செய்ய, பிளவே உண்டாயிற்று. 2002இல் அசிசியில் மீண்டும் கூடியபோது, பிற சமயத்தாரின் வேண்டுதலுக்குத் தேவாலயங்கள் அன்றித் துறவிமடத்து அறைகள் ஒதுக்கப்பட்டன. அழைப்பு நின்றுவிடவில்லை; அமரும் இடம் மட்டும் மாறிற்று.

இரண்டாவது, போர்த்துக்கல் நாட்டின் பாத்திமா. 2004 மே 5ஆம் நாள் லிஸ்பன் நகரத்து இந்துக்கள் சிலர் அங்கு யாத்திரையாகச் சென்றனர். தேவமாதா காட்சியளித்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் இடத்துச் சிற்றாலயத்தில் அவர்தம் அர்ச்சகர் ஒரு பிரார்த்தனை செய்தார். அது தொலைக்காட்சியில் வந்தது. "பாத்திமாவில் இந்துப் பூசை" என்று பழமை பேணுவோர் பல நாடுகளிலிருந்தும் முழக்கமிட்டனர். அங்குச் சடங்கு எதுவும் நடக்கவில்லை, சில நிமிடப் பிரார்த்தனையே சொல்லப்பட்டது என்று திருத்தலத்தின் அதிபர் விளக்கமளித்து, விருந்தினரைக் கைவிடாது நின்றார்.

மூன்றாவது, ஆபிரிக்கக் கரையிலுள்ள ஸ்பானிய நகராகிய செயூத்தா. கிறிஸ்தவர், இஸ்லாமியர், யூதர், இந்துக்கள் ஆகிய நால்வரும் வாழும் ஊர் அது. நம் மலையைப் போன்றதென்றே சொல்லலாம். 2017 ஆகஸ்டு மாதம் விநாயகர் சதுர்த்தியை ஒட்டி அங்குள்ள இந்துக்கள் பிள்ளையாரை ஊர்வலமாக எடுத்து வந்தனர். நகரின் காவலியாகிய ஆபிரிக்க மாதாவின் ஆலயத்துக்குள் அத்திருவுருவத்தோடு சென்று, மாதாவுக்கு மலர் சாத்தினர். அங்கிருந்த கத்தோலிக்கர் பாடி வரவேற்றனர். அதன் படம் எங்கும் பரவியது. மறைமாவட்டம் வருத்தம் தெரிவித்தது. வரவேற்ற குருவானவர் மேற்றிராணியாரின் பிரதிநிதியாக வகித்த பதவியைத் துறக்க நேர்ந்தது.

இம்மூன்றாவது கதையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். மலரோடு சென்ற இந்துக்களிடம் வஞ்சமில்லை, வரவேற்றவரிடமும் வஞ்சமில்லை. அன்பு மிகுதியாற் செய்த செயல் ஒரு நல்லவரின் பதவியைக் கொண்டுபோயிற்று. வாசலைத் தாண்டும் விருந்தினன் தன் அன்பை மட்டும் பார்த்தாற் போதாது. வாசலைத் திறந்தவனுக்கு என்ன நேரும் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

நம் வீட்டுக் கதவு

பிறர் வாசலை அளந்த கோலால் நம் வாசலையும் அளப்பதே நியாயம். பிறப்பாற் கத்தோலிக்கரான பாடகர் யேசுதாஸ் குருவாயூரப்பனைப் பாடிய பாட்டுக்கள் கோடிக்கணக்கானோர் நாவில் வழங்குகின்றன. பிற சமயத்தில் பிறந்தவர் என்பதால் குருவாயூர்க் கோயிற் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 2022இல் கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவிலுள்ள கூடல்மாணிக்கம் கோயில் விழாவிற் பரதநாட்டியம் ஆடவிருந்த மன்சியா என்னும் நடனமணி, இந்து அல்லாதவர் என்ற காரணத்தால் நிகழ்ச்சி நிரலினின்று நீக்கப்பட்டார். அவர் இஸ்லாமியக் குடும்பத்திற் பிறந்தவர். எம்மதத்தையும் சாராதவரென்று தம்மைக் கூறிக்கொள்பவர். அவருக்காகத் தம் நிகழ்ச்சியைக் கைவிட்ட இந்து நடனமணிகளும் உளர். 2018இல் சென்னையில் ஏசுவைப் பற்றிய கர்நாடக இசை நிகழ்ச்சியொன்றிற் பாட ஒப்புக்கொண்ட ஓ. எஸ். அருண், எதிர்ப்பு வலுக்கவே விலகிக்கொண்டார். ஆகவே, "அவர்கள் குறுகிய மனத்தினர், நாமோ எல்லாம் ஒன்றென்போர்" என்று மார்தட்டும் உரிமை நமக்கில்லை.

நம் நாட்டிலே ஒரு நடுவழியும் உண்டு. 1965இல் யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், கூத்தையும் நாடகத்தையும் இசையையும் பெருமேடைகளில் வளர்த்தது. திருப்பாடுகளின் நாடகங்களில் இந்துக் கலைஞரும் தோளோடு தோள் நின்றனர். அங்கே கலை, பீடத்திற்கும் தெருவுக்கும் இடைப்பட்ட முற்றத்தில் நின்று இருசாராரையும் அழைத்தது. எவரும் எவர் பீடத்தையும் கேட்கவில்லை. எவரும் திண்ணையில் நிற்பதாக எண்ணவுமில்லை.

நாம் கொண்டு செல்வது யாது?

இனி நம் இளைஞரின் கோபத்துக்கு வருவோம். அவர்களிடம் நாம் ஒரு வினாவைக் கேட்க விரும்புகின்றோம். நாம் அங்கே கொண்டு சென்றது கலையா, வழிபாடா?

"கலைதான், ஒரு நிகழ்ச்சிதான்" என்பீராயின், மார்கழி விடியலிற் குளிர்ந்த நீராடி, திருநீறணிந்து, லயத்துக்கு லயம் பாடிச் செல்லும் நம் பஜனையை நாமே தாழ்த்தியவராவோம். மாசியிற் காமன் கூத்துக்கு விரதமிருந்து வேடங்கட்டும் நம் அண்ணன்மாரைப் பார்த்து, "இது வெறும் ஆட்டந்தானே" என்று எவரேனும் சொன்னால் நாம் பொறுப்போமா? "இல்லை, இது வழிபாடே" என்பீராயின், பிறர் தம் கடவுள் வீற்றிருப்பதாக நம்பும் பீடத்தின் முன் நம் தெய்வத்துக்கு வழிபாடு செய்ய இடங்கேட்டவராவோம். அதற்கு அவருட் சிலர் தயங்கினால், அத்தயக்கம் நம்மை இழிவாக எண்ணியதன் விளைவென்று கொள்ளலாகாது. நம் பாட்டை வெறும் பொழுதுபோக்கென்று கருதியவர், உள்ளே பாடுவதால் என்ன கேடென்று இருந்துவிட்டிருப்பார். தயங்கியவர் அது மெய்யான வழிபாடென்பதை உணர்ந்தார், உணர்ந்ததனாலேயே தயங்கினார்.

சாதி பற்றித் திண்ணையில் இலை போடுவதும், பீடத்தைக் காத்து மண்டபத்தில் இடந்தருவதும் ஒன்றல்ல. முன்னது மனிதனை அளக்கின்றது. பின்னது இடத்தை அளக்கின்றது. அம்மண்டபத்தில் நம்மவரோடு அவர்களும் ஒரே பாயில் அமர்ந்தனர். ஒரே தட்டிலிருந்து பலகாரம் எடுத்தனர். நம் பிள்ளைகள் பாடி முடித்தபோது அவர்தம் பெரியவர் ஒருவர் கண்கலங்கினார். இதனைக் கோபத்தில் மறந்துவிட்டோம்.

அழைத்தவர்க்கும் அன்போடு ஒன்று சொல்வோம். எங்கே பாடுவது என்பதை அழைக்கும் நாளிலேயே ஆராய்ந்து சொல்லியிருப்பின், பிள்ளைகளின் மனம் புண்பட்டிராது. எல்லை இருப்பதில் இழுக்கில்லை. வந்த பின் எல்லை தெரிவதே வருத்தம் தருவது. நம் கோயிலுக்கு அவர்களை அழைக்கும்போது நாமும் இதனை மறவாதிருப்போம். கருவறை எதுவரை, மண்டபம் எதுவரை என்று முன்னரே சொல்லி, மண்டபத்தில் நல்ல இடத்தைக் கொடுப்போம்.

வருகின்ற மார்கழியில் மீண்டும் அழைப்பு வருமாயின் நம் பஜனைக் குழு செல்ல வேண்டும் என்பதே எமது கருத்து. மண்டபமாயின் மண்டபத்திலே, முற்றமாயின் முற்றத்திலே, நிறைந்த மனத்தோடு பாடுக. சிவனொளிபாதத்தின் உச்சியில் நால்வர் நான்கு பெயர் சொல்லி வணங்குகின்றனர். ஒருவர் பெயரை மற்றவர் வாயில் திணிப்பதில்லை. இறங்கி வருகையில் கால் தளர்ந்தவனுக்குத் தோள் கொடுப்பவன் எச்சமயத்தானாகவும் இருப்பான். அம்மலையடியிற் பிறந்த இளைஞர்காள், பீடம் அவரவர்க்கு உரியது. முற்றம் நம் அனைவர்க்கும் பொது. அம்முற்றத்தைச் சுருங்கவிடாது காப்பதே நம் கடன்.